ஜூலியின் மூட்டு வலி மருந்தும் அதோடு வரும் சிரிஞ்சும்

எதிர் வீட்டுப் பெண் போன வாரம் வந்து கேட்டாள்: "எங்கள் நாயின் மூட்டு வலிக்கு டாக்டர் மெலாக்சிகாம் எழுதிக் கொடுத்திருக்கிறார் அக்கா. அதைக் கொடுத்தால் சிறுநீரகம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?" அவர்கள் வீட்டு நாய்க்குப் பதிமூன்று வயது. வாங்கிய மருந்து பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. நாயோ இரண்டே படி இறங்க மனமில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் ஜூலி லாப்ரடார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மருந்தில் இருக்கிறாள். வலித்தால் நாய் கத்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஜூலி ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. உட்காரப் போனால் பின்னங்கால்கள் டைல்ஸ் தரையில் ஆளுக்கொரு பக்கம் வழுக்கும். எழும்போது முன்கால்களை ஊன்றிச் சற்று நின்று, பிறகுதான் இடுப்பைத் தூக்குவாள். முன்கால் மூட்டை ஓயாமல் நக்கி நக்கி, அங்கே வெளிர் மஞ்சள் முடி செம்பழுப்பாகிவிட்டது. மார்கழிக் காலைகளில் பால்காரர் வந்தால்கூடத் தலையை மட்டும்தான் தூக்குவாள்.

மருந்து தொடங்கிய சில நாட்களில் நடை தேறியது. அதை எதிர்பார்த்துத்தான் கொடுத்தோம். எதிர்பாராதது, குளிப்பாட்டிய பிறகு அவள் தலையிலிருந்து வால் நுனி வரை உடம்பை உதறியது. எப்போது நின்றுபோனதென்றே எங்களுக்குத் தெரியாத பழக்கம் அது. இடுப்பு வலியோடு அப்படி உதறுவது கஷ்டம். சுவர், துணிக்கொடி, என் புடவை எல்லாம் நனைந்துபோனது. அந்தச் சந்தோஷத்துக்கு நான் விலை சொல்ல மாட்டேன்.

பக்க விளைவு பற்றிய பயம் வீண் என்று சொல்லவில்லை. வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல் ரசாயனம்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் சீராக வைக்கிறது. மருந்து அதைக் குறைக்கும்போது மூட்டுக்கு நன்மை, மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் சுமை. அதனால்தான் தொடங்கும் முன்பே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கல்லீரல் நொதிகள் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. தொடரும்போது அவ்வப்போது மறுபடியும். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலும், சாப்பிட மறுத்தாலும், மலம் தார் போலக் கறுத்துப் போனாலும் அன்றைய மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரை அழைக்க வேண்டும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டோடும், இதே வகையைச் சேர்ந்த வேறொரு வலி மருந்தோடும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

நாய் மருந்துக்குப் பயந்து, வீட்டில் கிடக்கும் மனிதர் மாத்திரையில் கொஞ்சம் கிள்ளிப் போடுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பதறுகிறது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாய்க்கு ஆகவே ஆகாது. மெலாக்சிகாமே மனிதருக்கு 7.5, 15 மில்லிகிராமில் வருகிறது. 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது 3 மில்லிகிராம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு முழு மாத்திரை ஐந்து மடங்காகிவிடலாம். (டைக்ளோஃபெனாக் கொடுத்த மாடுகளின் உடலைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால் 2006இல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். கழுகுகளுக்குத் தீங்கில்லாத மாற்றாகக் கண்டறியப்பட்டது இதே மெலாக்சிகாம்தான். நீலகிரி மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கழுகு பறப்பதைப் பார்த்தவள் என்பதால் இந்த மருந்தின்மேல் எனக்குத் தனி மரியாதை.)

இனி என் கோபம். ஜூலிக்குக் கொடுப்பது வாய்வழிக் கொடுக்கும் திரவ மருந்து. புட்டியோடு வரும் ஊசியில்லாத சிரிஞ்சால்தான் அளக்க வேண்டும். இவ்வளவு அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துக்கு இப்படியொரு சிரிஞ்சா? முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், மறுநாளிலிருந்து 0.1. மருந்து ஒரு மில்லிக்கு 1.5 மில்லிகிராம். 30 கிலோ இருந்தபோது ஜூலிக்கு 2 மில்லி. எடை குறைத்து 27க்கு வந்தபின் 1.8 மில்லி. அந்த 1.8 கோடுதான் முதலில் அழிந்தது. கட்டைவிரல் பிடிக்கும் இடம் அதுவே. தினமும் கழுவ வேண்டிய பொருளில் கழுவினால் போகும் மையால் யார் கோடு போடச் சொன்னது? ஒரு புட்டியில் வந்த சிரிஞ்சில் நாயின் எடை கிலோவில் குறிக்கப்பட்டிருந்தது. வேறு கம்பெனிப் புட்டியில் மில்லியில். அரைத் தூக்கத்தில் இருக்கும் ஒருவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? மெடிக்கலில் 3 மில்லி சிரிஞ்சு வாங்கினேன். புட்டி வாயில் இருக்கும் அடைப்பில் அது பொருந்தவில்லை. சின்னக் கிண்ணத்தில் ஊற்றி உறிஞ்சினால் கிண்ணத்திலேயே கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது.

குலுக்கச் சொல்லும் வரியும் பொடி எழுத்தில்தான். அடியில் மருந்து படிந்துவிடும். குலுக்காமல் எடுத்தால் முதல் பாதி நீர்த்தும் கடைசிப் பாதி கெட்டியாகவும் போகும். பயந்து பயந்து கொடுப்பவர்களுக்கு இது பெரிய எழுத்தில், தமிழில் வேண்டாமா?

மருந்தோடு செய்த மற்றவற்றில் பெரும் பலன் தந்தது எடைக் குறைப்பு. தயிர்சாதமும் மாலை பிஸ்கட்டும் நின்றன. அப்பாவுக்குத்தான் அதிக வருத்தம். வழுக்கும் இடங்களில் ரப்பர் விரிப்பு போட்டோம். மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் என்ற சத்து மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. டாக்டர் பிறகு மருந்தின் அளவையும் சற்றுக் குறைத்தார். ரத்தப் பரிசோதனை இதுவரை சரியாகவே வந்திருக்கிறது.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்னது: ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக வந்ததும் புட்டியைத் திற, தயங்காதே. நானோ இந்தத் திரவத்தை இனி வாங்குவதாக இல்லை. நாய்களுக்கென்றே வரும் 2.5 மில்லிகிராம் மாத்திரைக்கு டாக்டர் ஒப்புக்கொண்டுவிட்டார். இந்தப் புட்டி தீர்ந்ததும் மாறிவிடுகிறேன். சிரிஞ்சு குப்பைக்குப் போகும்.