பதினொரு வருசம், மூன்று சாப்ட்வேர்: மண்டபத்து நண்டு ஷெட்டில் என் அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் 2014-லிருந்து கணக்குப் பார்க்கிறேன். படகிலிருந்து நண்டு வரும். எடை போட்டு, அவித்து, ஆறவைத்தால் அக்காமார் ஓட்டை உடைத்துச் சதை எடுப்பார்கள். தரம் பிரித்து டப்பாவில் அடைத்து ஐஸ் வைத்து அனுப்புவோம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எடை, ஒரு நேரம், ஓர் ஆள் பெயர் பதிவாக வேண்டும். அந்தப் பதிவுக்காக இந்தப் பதினொரு வருசத்தில் மூன்று சாப்ட்வேர் மாறியிருக்கிறது. மூன்றிலும் நாள் முழுக்க வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன். எந்தக் கம்பெனி செய்தது என்பதைவிட எப்படிச் செய்திருந்தார்கள் என்பது, இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு அதிகம் உதவும்.

முதலாவது ஏசி அறையில் இருந்த கம்ப்யூட்டரில் ஓடியது. ஷெட்டுக்கும் அந்த அறைக்கும் நாற்பது தப்படி தூரம். திரை முழுக்க ஆங்கிலம், ஒரு பதிவுக்கு இருபதுக்கும் மேல் கட்டங்கள். எடை போடுகிற தம்பி துண்டுச் சீட்டில் எழுதுவான், சீட்டு நண்டுத் தண்ணீரில் ஊறும், ராத்திரி நான் உட்கார்ந்து அதை விரித்துப் பார்த்துத் தட்டுவேன். மூன்றா எட்டா என்று தெரியாத இடத்தில் அவனுக்கே போன் போடுவேன்.

அதில் எனக்கு இன்றுவரை மறக்காதது படகு எண். ஐரோப்பாவுக்குப் போகும் கடல்மீனுக்கும் நண்டுக்கும் 2010 ஜனவரியிலிருந்து பிடிப்புச் சான்று வேண்டும். எந்தப் படகு, எந்தத் தேதி என்று காட்டவேண்டும். இங்கே அதைச் சரிபார்த்துத் தருவது கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். நாங்கள் எம்பீடா என்போம். அதனால் படகு எண்ணில் பிசகு வரக்கூடாது. ராமேசுவரம் பக்கத்து விசைப்படகு என்றால் ஆங்கிலத்தில் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்- என்று தொடங்கும். நான்கு கோடுகளையும் சேர்த்தால் 13 எழுத்து. எல்லா விசைப்படகுக்கும் அதே 13. அதற்குப் பின்னால் வரும் எண்தான் படகுக்குப் படகு மாறும். ஆனால் சாப்ட்வேர் முழுவதையும் ஒவ்வொரு முறையும் தட்டச் சொல்லும். ஒரு கோடு விட்டுப்போனால் சிவப்பில் பிழை காட்டும். ஒரு நாளைக்கு நாற்பது படகு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டி ஒட்டும் வசதியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் லாரி டெஸ்லர். ஒரு வேலையில் இயல்பாகவே இருக்கிற சிக்கலை ஒழிக்க முடியாது, அதைச் சாப்ட்வேர் செய்பவர் சுமப்பதா பயன்படுத்துபவர் சுமப்பதா என்பதே கேள்வி என்று அவர் சொல்லியிருக்கிறார். பல வருசம் கழித்து இதைப் படித்தபோது எனக்கு அந்த 13 எழுத்துதான் ஞாபகம் வந்தது. அதை நான் சுமந்தேன்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஆறு மாதத்துக்குள் ஷெட்டில் ஆளுக்கொரு ஸ்மார்ட்போன். யாரும் சொல்லாமலே ஒரு வாட்ஸ்அப் குழு உருவானது. தராசு முள்ளைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள், படகு முதலாளிகளான சம்மாட்டிகள் கரைக்கு வருகிற வழியிலேயே என்ன நண்டு, எத்தனை கூடை என்று குரல் பதிவு அனுப்புவார்கள். எழுதப் படிக்கத் தயங்குகிறவர் கூடக் குரலில் கணக்கைப் பிசகாமல் சொல்வார். நிர்வாகம் ஒருமுறை அந்தக் குழுவைக் கலைக்கச் சொன்னது. கலைத்தோம், மறுநாள் வேறு பெயரில் முளைத்தது. வயலைச் சுற்றி ரோடு போட்டிருந்தாலும் சனங்கள் குறுக்கே ஒற்றையடிப் பாதை போட்டு நடப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. சாப்ட்வேர் செய்கிறவர்கள் முதலில் வந்து பார்க்கவேண்டியது அந்த ஒற்றையடிப் பாதையைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பிரச்சினை எங்கள் ஷெட்டோடு நிற்பதும் இல்லை. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் முதலில் ஆபீசுக்கு வரும், அப்புறம்தான் வீட்டுக்கு வரும். பிறகு அது தலைகீழானது. 1999-ல் சேல்ஸ்போர்ஸ் என்ற தொழில் சாப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கிய மார்க் பெனியாப், தொழில் சாப்ட்வேர் ஏன் அமேசான் மாதிரி எளிதாக இருக்கக்கூடாது என்று கேட்டுத்தான் தொடங்கினார். 2007-ல் ஐபோன் வந்தது. தொழில் சாப்ட்வேரில் பெரிய பெயரான எஸ்ஏபி கூட, திரையை எளிமையாக்க 2013-ல் பியோரி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டில் நல்ல ஆப்பைப் பழகிய கை, வேலையிடத்தில் மோசமானதைச் சகித்துக்கொள்ளாது. சரி, அதுவரைக்கும் நியாயம்தான். போன் ஆப்பிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் எங்கள் இரண்டாவது சாப்ட்வேர் சறுக்கியது.

அது 2018-ல் வந்தது. முதலாளிக்கு மதுரையில் ஒரு ஓட்டலில் வைத்துக் காட்டினார்கள். பார்க்க அவ்வளவு அழகு. விரலால் தள்ளினால் நகரும், இழுத்தால் புதுப்பிக்கும், மணிப் படத்தின் மேல் சிவப்புப் புள்ளி. ஷெட்டுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஈரக் கைக்கு அந்தத் திரை பேயாட்டம் ஆடும். இந்தத் தொடுதிரைகள் விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்பவை. தண்ணீர் விழுந்தால் சில நேரம் விரல் என்று நினைத்துக்கொள்ளும், தடித்த ரப்பர் உறை போட்ட விரலைச் சரியாக உணராது. ஷெட்டில் இருப்பதோ ஈரமும் உறையும் மட்டும்தான். ஒரு பதிவை இடப்பக்கம் தள்ளினால் அழிந்துவிடும் என்று வைத்திருந்தார்கள். மெயிலில் நாம் செய்வது மாதிரி. அப்படித் தெரியாமல் தள்ளுப்பட்டு ஓர் அக்காவின் காலை நேரத்துச் சதை முழுவதும் கணக்கிலிருந்து போனது. சனிக்கிழமை கூலி குறைந்தபோதுதான் தெரிந்தது. அவர் கேட்கும்போது என்னிடம் காட்ட எதுவும் இல்லை. கணக்குப் பேரேட்டில் தப்பான வரியை யாரும் அழிக்கமாட்டார்கள். மேலே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதுவார்கள், அடித்தது தெரிந்தபடியே இருக்கும். அந்தப் பழக்கத்தைச் சாப்ட்வேர் செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதைவிட எனக்கு வலித்தது தரவரிசைப் பலகை. யார் அதிகம் சதை எடுத்தார்கள் என்று முதல் மூன்று பேருக்கு நட்சத்திரம், கடைசியில் இருப்பவர் பெயரும் தெரியும். விளையாட்டு ஆப்களில் பார்த்த யோசனை. ஷெட்டில் அதுவரை நடந்துவந்த ஒன்று வெளியாருக்குத் தெரியாது. வயதான ஓர் அக்காவுக்குக் கண் மங்கல். பக்கத்தில் உட்காரும் சின்னவள் தன் தட்டிலிருந்து இரண்டு கைப்பிடி அவர் தட்டில் தள்ளிவிடுவாள். யாரும் பேசமாட்டார்கள், யாருக்கும் நட்டமில்லை. மொத்த எடை ஒன்றுதான், கூலி மட்டும் இரண்டு வீட்டுக்கும் அடுப்பெரியும்படி பிரிந்தது. பலகை வந்தபின் சின்னவள் பெயர் கீழே இறங்கியது. மேற்பார்வை பார்த்தவர் ஏன் என்று கேட்டார். அவள் பகிர்வதை நிறுத்திக்கொண்டாள். பெரியவர் பத்து நாளில் வேலைக்கு வராமல் போனார். ஆறு வாரம் கழித்துப் பலகையை எடுத்தோம். நானே போய்க் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. இதை எழுதும்போதும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது சாப்ட்வேர் 2021-லிருந்து ஓடுகிறது. செய்த பையன்கள் முதலில் கோட் எழுதவில்லை. மூன்று நாள் ரப்பர் பூட்ஸ் போட்டு ஷெட்டில் நின்றார்கள். என்ன போன், எந்தக் கை ஈரம், யார் எங்கே உட்காருகிறார், டீக்கு எப்போது எழுந்திருக்கிறார் என்று பார்த்தார்கள். படகு எண்ணுக்கு இப்போது எண் பலகை மட்டும் வரும். விசைப்படகா, நாட்டுப்படகா என்று ஒரு பெரிய பட்டன், அப்புறம் கடைசி எண்கள். அவ்வளவுதான். பட்டன்கள் எல்லாம் உள்ளங்கை அகலம். எதையும் அழிக்க முடியாது, பேரேடு மாதிரி கோடு விழும்.

நெட்வொர்க் இங்கே கடலைப் போலத்தான், இருக்கும், இருக்காது. 2020 டிசம்பரில் புரெவி புயல் எங்கள் கரைப்பக்கம் வந்து நகராமல் நின்றபோது, பழைய சாப்ட்வேர் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதிவானதா இல்லையா என்று தெரியாமல் ஒரே எடையை மூன்று தடவை போட்டுவைத்தோம். புதியதில் ஒரு டிக் வந்தால் போனுக்குள் இருக்கிறது, இரண்டு டிக் வந்தால் ஆபீசுக்குப் போய்விட்டது. இதை நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை. வாட்ஸ்அப்பில் எல்லோரும் ஏற்கெனவே படித்த பாடம். மக்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை மற்ற தளங்களில்தான் செலவிடுகிறார்கள், அதனால் உங்கள் தளமும் அவை போலவே நடக்கும் என எதிர்பார்க்கிறார்கள் என்று இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் சொன்னது இதைத்தான். பழகிய அடையாளத்தை ஏறக்குறைய அதே அர்த்தத்தில் எடுத்தாண்டால் பயிற்சி வகுப்பே தேவைப்படாது.

ஆனால் நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவது பேசும் தராசைப் பற்றி. அது கம்பெனி யோசனை இல்லை, ஓர் அக்காவின் யோசனை. பையன்கள் வந்திருந்தபோது அவர் கேட்டார்: “டீக்கடையில பணம் விழுந்தா பொட்டி வாய் திறந்து சொல்லுதுல்ல தம்பி, அந்த மாதிரி தராசும் சொன்னா நாங்க ஏன் எட்டி எட்டிப் பாக்கணும்?” இரண்டு மாதத்தில் செய்து கொடுத்தார்கள். தட்டை வைத்ததும் பெயரையும் எடையையும் தமிழில் உரக்கச் சொல்லும். அதற்கு முன்னால் பாதிப் பேர் முந்தானையில் துண்டுச் சீட்டு முடிந்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோடு. சனிக்கிழமை கூலி நேரத்தில் என் கணக்கும் அந்த முடிச்சும் மோதும். தராசு பேச ஆரம்பித்த நாலைந்து மாதத்தில் முடிச்சுகள் குறைந்தன. ஒரே ஒரு அக்கா இன்னும் எழுதுகிறார். எழுதட்டும். அவர் சீட்டும் ஆப்பும் ஒத்துப்போகிற ஒவ்வொரு வாரமும் எனக்குத் திருப்தியாக இருக்கிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். மேலாளர் திரையில் யார் கடைசியாக எப்போது ஆப்பைத் திறந்தார் என்று தெரிகிறது. வேலைக்கு அது தேவையே இல்லை, ராத்திரி பத்து மணிக்கு “பார்த்துட்டு ஏன் பதில் இல்லை” என்று கேட்க மட்டும் உதவுகிறது. எடுக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

பண விசயத்தில் ஆரம்பத்தில் ஒரே தட்டலில் அனுப்பும்படி வைத்திருந்தார்கள். யுபிஐ ஆப் வேகம் வேண்டும் என்று நாங்களே கேட்டதுதான். ஒரு சம்மாட்டிக்கு முன்பணம் 5,000 போடவேண்டிய இடத்தில் 50,000 போய்விட்டது. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, “கணக்குப்பிள்ளை, ஒரு சைபர் கூட விழுந்துருச்சு போல” என்று திருப்பி அனுப்பினார். எல்லோருக்கும் அப்படி அமையாது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் சிட்டி வங்கி சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்பப் போய், கிட்டத்தட்ட 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. அசல் தொகை வெளியே போகாமல் இருக்கத் திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும், ஒன்றைத்தான் நிரப்பியிருந்தார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புக்கொண்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஏறக்குறைய 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுக்க, வழக்கு 2022 செப்டம்பர் வரை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடந்தது. மூன்று பேர் பார்த்தும் தப்பு போகிறது என்றால், அந்தத் திரை நடக்கப்போவதைப் புரியும்படி சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் ஆப்பில் இப்போது தொகை எண்ணால் வராது, முதலில் எழுத்தால் வரும்: ஐம்பதாயிரம். கூடவே குரலும் சொல்லும். காசோலையில் எழுத்தால் எழுதச் சொன்ன பழைய ஏற்பாடுதான்.

மிச்சமிருந்த பெரிய தொந்தரவு அப்டேட். போன் ஆப்கள் நினைத்தபோதெல்லாம் முகம் மாறும், நமக்கும் பழகிவிட்டது. பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். வேலை ஆப்பை எடுத்தெறிய முடியாது. ஒரு நாள் காலை, நண்டு கூடை வரிசையில் நிற்கும்போது, எடை பட்டன் மேலேயிருந்து கீழே போயிருந்தது. பார்க்காமலே தட்டிப் பழகிய கை அன்று முழுக்கத் தப்பான இடத்தில் தட்டியது. அன்று நான் கோபமாகவே பேசினேன். அப்புறம் இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஒன்று முடிவு செய்தோம். பட்டன் இடம் மாறுகிற எந்த மாற்றமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான். அப்போது விசைப்படகு கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு நண்டு மட்டும் கொஞ்சம் வரும். அக்காமாருக்குப் புதுசைத் தொட்டுப் பார்க்க நேரம் இருக்கும், பிடிக்கவில்லை என்று சொல்லவும் நேரம் இருக்கும். போன தடைக்காலத்தில் அவர்கள் வேண்டாம் என்று சொன்ன இரண்டு மாற்றங்கள் திரும்பப் போய்விட்டன.

அடுத்த தடைக்காலத்துக்கு ஒரு கோரிக்கை எழுதி வைத்திருக்கிறேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கூரை அலறும், தராசு சொல்வது காதில் விழாது. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தோம், பத்தவில்லை. பெயரையும் எடையையும் பெரிய எழுத்தில் காட்டும் ஒரு திரை வேண்டும். எங்கே மாட்டுவது என்று அக்காமாரிடமே கேட்டேன். வெயில் விழாத வடக்குச் சுவரில், உட்கார்ந்தபடி நிமிர்ந்தால் எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில், சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள்.