ஜிப்சிக்கு லிஃப்ட் கிட் என்று 62,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் பழைய பட்டையையே மாட்டிவிட்டார்கள்

ரத்தம் கொதிக்கிறது, கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் போயிருக்கிறது. கோவையில் ஜீப், ஜிப்சி, பழைய மஹிந்திரா தார் வண்டிகளுக்கு லிஃப்ட் கிட் (வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் சாமான்கள்), விஞ்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கருவி), பெரிய டயர் எல்லாம் மாட்டிக் கொடுக்கும் கடை, பளபளவென்று வீடியோ போடுகிறவர்கள், அவ்வளவு போதும்.

என்னுடையது 2004 மாருதி ஜிப்சி கிங். முன்னாலும் பின்னாலும் லீஃப் ஸ்பிரிங்தான், அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு, வயதானால் பட்டை நிமிர்ந்து வண்டி உட்கார்ந்துவிடும், அப்புறம் சின்னக் குழியில் இறங்கினாலும் இடுப்பு சொல்லும். நாலு மூலைக்கும் புது ஸ்பிரிங் செட், கேஸ் ஷாக் அப்சார்பர், பாலியூரித்தேன் புஷ், புது யூ போல்ட், இரண்டு அங்குல லிஃப்ட், கூலியோடு சேர்த்து 62,000 ரூபாய் என்று பேச்சு.

நம்ப வைத்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். ஓனரே சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஸ்டீயரிங் பாக்ஸ் அருமையா இருக்குதுங்ணா, அதையும் மாத்தணும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க" என்றார். ஒரு செலவை அவரே தள்ளிவிட்டால் அந்த மனிதரைச் சந்தேகப்படத் தோன்றுமா? டீ வேறு வாங்கிக் கொடுத்தார். முழுப் பணத்தையும் அங்கேயே ஜிபே பண்ணினேன். கையில் கிடைத்தது பில் இல்லை, எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டு. வண்டியை எடுக்கும்போது பழைய பார்ட்ஸ் எங்கே என்று கேட்டேன், ஸ்கிராப்காரன் வந்து அள்ளிட்டுப் போயிட்டானுங்ணா என்றார். கறுப்புப் பெயின்டில் எல்லாம் புதுசாக மின்னியது.

ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும்போதே தெரிந்துவிட்டது. நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் வண்டியைத் திருப்பினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை, நேர் ரோட்டில் இடமும் வலமும் அலைகிறது. போன் பண்ணினால், "புது பட்டை செட் ஆகணுமுங்ணா, கொஞ்சம் ஓட்டுங்க." மறுபடி பண்ணினால், லோடு ஏத்தினீங்களா என்று என்னையே கேள்வி. அப்புறம் ஓனர் வெளியூர். அப்புறம் வாட்ஸப்பில் நீல டிக் மட்டும்.

பொள்ளாச்சியில் லாரிக்குப் பட்டை கட்டும் ஒரு பெரியவரிடம் விட்டேன். ஆக்சா பிளேடால் லேசாகச் சுரண்டினார், பெயின்டுக்கு அடியில் பொரிந்துபோன பழைய துரு. மூன்றாவது பட்டையில் ஒரு கோணல் கிளிப், டாப்ஸ்லிப் போய் வந்தபோது நானே சுத்தியலால் அடித்து நிமிர்த்தியது. அதே கிளிப்! என் ஸ்பிரிங்கையே கேஸ் வைத்துச் சூடு காட்டி வளைத்து, அடியில் வேறு ஏதோ வண்டியின் பட்டையைச் சொருகியிருக்கிறார்கள். சூடு காட்டினால் இரும்பில் இருக்கும் டெம்பர், அதாவது விறைப்பு, போய்விடும், சீக்கிரமே திரும்ப உட்கார்ந்துவிடும் என்றார். உயரத்துக்கு நீள ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) வைத்ததில் முன் ஆக்சில் சாய்ந்து காஸ்டர் (ஸ்டீயரிங்கை நேராகத் திரும்ப வைக்கும் சாய்வுக் கோணம்) குறைந்துபோனது, ஸ்டீயரிங் திரும்பாததற்கு அதுதான் காரணம். கேஸ் ஷாக் என்றார்களே, கழற்றிக் கையால் அமுக்கி விட்டோம். கேஸ் இருந்தால் கம்பி தானாக நீளும். இது அமுக்கிய இடத்திலேயே கிடந்தது. எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய், பிரேக் ஹோஸ்தான், சக்கரத்தைத் தொங்கவிட்டால் கயிறு மாதிரி விறைத்து நிற்கிறது. அந்த வண்டியில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறேன்.

நேரில் போய்க் கேட்டபோதுதான் உச்சம். "வண்டியை மாத்துறதே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி தப்பு, 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, நீங்க எங்க போய் புகார் குடுப்பீங்க?" லிஃப்ட் கிட் போர்டை வாசலில் தொங்கவிட்டுக்கொண்டு இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! 62,000 ரூபாய், அதற்கு மேல் எனக்குச் சட்டப் பாடம்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய பட்டையில் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி சென்டர் பஞ்சால் (இரும்பில் குழி அடிக்கும் கூர் ஆணி) ஒரு புள்ளி வைத்துவிட்டு வண்டியை விடுங்கள், கழற்றியதைக் கையோடு வாங்கி வாருங்கள். ஷாக்கை மாட்டுவதற்கு முன்னால் அமுக்கிப் பாருங்கள். லிஃப்ட் பண்ணினால் பிரேக் ஹோஸ் நீளம், காஸ்டர் இரண்டையும் கேளுங்கள், மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. கோவையில் இப்படி யாராவது ஜிப்சி கொடுத்து ஏமாந்திருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே போடலாம்.