ஆறு வருடமாக ஓடும் என் கிளாஸ்லோடர்

எங்கள் அப்ளிகேஷனில் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் ரிப்போர்ட் மாறும். ஒவ்வொன்றையும் ஒரு பிளகினாக, தனி ஜார் கோப்பாக (கம்பைல் செய்த ஜாவா கிளாஸ்களின் கட்டு) ஒரு ஃபோல்டரில் போட்டால், சர்வரை நிறுத்தாமலேயே லோட் ஆகிவிடும். ஜாவாவில் கிளாஸ்களைக் கோப்பிலிருந்து மெமரிக்கு ஏற்றுவது கிளாஸ்லோடர். இதற்காக யூஆர்எல்கிளாஸ்லோடரை எக்ஸ்டெண்ட் செய்து நான் எழுதிய லோடர் ஆறு வருடமாக புரொடக்‌ஷனில் இருக்கிறது. வேலை செய்யும்வரை அருமை. சறுக்கினால், எர்ரர் ஒரு இடத்தைக் காட்டும். காரணம் வேறெங்கோ இருக்கும்.

முதல் அடி கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன். ஜிஎஸ்டிரிப்போர்ட் என்ற பிளகின் கிளாஸை, பிளகின்களுக்கான எங்கள் இன்டர்ஃபேஸான ரிப்போர்ட்பிளகினாக மாற்ற முடியாதாம். கோடைத் திறந்தால் 'இம்ப்ளிமெண்ட்ஸ் ரிப்போர்ட்பிளகின்' என்று கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு நாள் போனது. அப்போது ஜாவா 8. எந்த கிளாஸ் எங்கிருந்து லோட் ஆகிறது என்று காட்டும் வெர்போஸ் கிளாஸ் ஆப்ஷனைப் போட்டு ஓட்டியபோதுதான் தெரிந்தது: ரிப்போர்ட்பிளகின் லாகில் இரண்டு தடவை வருகிறது, ஒன்று எங்கள் ஜாரிலிருந்து, இன்னொன்று பிளகின் ஜாரிலிருந்து. பில்ட் செய்தவர் இன்டர்ஃபேஸையும் உள்ளே சேர்த்துக் கட்டிவிட்டார்.

ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம்முக்கு கிளாஸின் பெயர் மட்டும் போதாது; அதை டிஃபைன் செய்த லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். நம் இனிஷியல் மாதிரி. கா. முருகனும் சு. முருகனும் ஒரே ஆள் இல்லையே! பில்ட் டூலான மேவனில் இன்டர்ஃபேஸின் ஸ்கோப்பை ப்ரொவைடட் (பிளகின் ஜாருக்குள் சேர்க்காதே) என்று மாற்றினோம். இன்டர்ஃபேஸ் பேக்கேஜ் மட்டும் அப்ளிகேஷன் லோடரிலிருந்தே வரும்படி என் லோடரையும் திருத்தினேன். அன்றிலிருந்து எந்த எர்ரர் வந்தாலும், கிளாஸை எந்த லோடர் ஏற்றியது என்று காட்டும் கெட்கிளாஸ்லோடர் என்ன சொல்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஜாவா 11க்கு மாறியபோது அடுத்தது. என் லோடருக்குப் பேரண்ட்டாக, அதாவது மேல் லோடராக, நல் கொடுத்திருந்தேன்; அப்படிக் கொடுத்தால் ஜாவாவின் அடிப்படை லோடரான பூட்ஸ்ட்ராப் மட்டும்தான் மேலே இருக்கும். 8இல் அது பிழையில்லாமல் ஓடியது. 9 முதல், டேட்டாபேஸுக்கான ஜாவா எஸ்க்யூஎல் பேக்கேஜ் பூட்ஸ்ட்ராப்பில் இல்லை, அதற்கு அடுத்த பிளாட்ஃபார்ம் லோடருக்குப் போய்விட்டது. டேட்டாபேஸைத் தொடும் பிளகின்கள் எல்லாம் கிளாஸ்நாட்ஃபவுண்ட் என்று விழுந்தன. நல் இருந்த இடத்தில் கெட்பிளாட்ஃபார்ம்கிளாஸ்லோடர், ஒரே வரி. அதே சமயம் லோடருக்குப் பெயர் வைக்கும் வசதியும் 9இல் வந்திருந்தது. பிளகின் பெயரையே வைத்தேன். இப்போது காஸ்ட் எர்ரரிலேயே எந்த லோடர் என்று தெரிகிறது.

உண்மையில் வருடக்கணக்கில் படுத்தியது மெமரி லீக். பிளகினை மாற்றும்போதெல்லாம், கிளாஸ் விவரங்கள் இருக்கும் மெமரியான மெட்டாஸ்பேஸ் கொஞ்சம் ஏறும், இறங்காது. 256 எம்பி என்று நாங்கள் வைத்த வரம்பைத் தொட்டதும் சர்வர் படுத்துவிடும். பழைய லோடரில் க்ளோஸ் கூப்பிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அது ஜார் கோப்பை விடுவிக்கும், அவ்வளவுதான். லோடரை யாருமே பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால்தான் அதன் கிளாஸ்கள் போகும். மெமரியின் நகலான ஹீப் டம்ப் எடுத்து, பழைய லோடரிலிருந்து ஜிசி ரூட்டுக்கு (மெமரியைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர், அதாவது ஜிசி, உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்ளும் தொடக்கப் புள்ளி) போகும் பாதையைப் பிடித்தேன். முனையில் டேட்டாபேஸ் டிரைவர்களின் பட்டியலை வைத்திருக்கும் டிரைவர்மேனேஜர். பிளகினோடு வந்த ஜேடிபிசி டிரைவர் (ஜாவாவை டேட்டாபேஸோடு இணைப்பது) தன்னைத் தானே அங்கே பதிவு செய்துகொண்டிருக்கிறது. டீரெஜிஸ்டர் செய்யப் போனால் செக்யூரிட்டிஎக்ஸப்ஷன். அந்த டிரைவர் எங்கள் லோடருக்குத் தெரியாது. பிளகினுக்குள்ளிருந்தே கூப்பிட வேண்டும். அதனால் ஒவ்வொரு பிளகினும் ஷட்டவுன் மெத்தட் எழுதியே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டேன். அதை அடைத்த பிறகு இன்னொரு ஓட்டை: த்ரெட் பூலில் ரிமூவ் செய்யாமல் விட்ட த்ரெட்லோக்கல், அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென வைத்துக்கொள்ளும் மதிப்பு.

இப்போது பிளகின் மாற்றிய பிறகு ஓடும் ஜேவிஎம்மை விசாரிக்கும் ஜேசிஎம்டி கமாண்டில் விஎம் கிளாஸ்லோடர் ஸ்டாட்ஸ் (லோடர்களின் பட்டியல்) பார்ப்பது என் வழக்கம். ஜிசி ஓடியும் பழைய லோடர் அந்தப் பட்டியலில் இருந்தால் அன்றைக்கே ஹீப் டம்ப்.

புதிதாக எழுதுபவர்களுக்கு இன்னொன்று. ஜாருக்குப் பதில் ஃபோல்டரைக் கொடுத்தால் யூஆர்எல்லின் கடைசியில் ஸ்லாஷ் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை ஜார் என்று நினைத்துத் திறக்கப் பார்க்கும். உங்களுக்குக் கிடைப்பது வெறும் கிளாஸ்நாட்ஃபவுண்ட்தான்.