புரோகிதர் இடத்தில் சித்தப்பா: சுயமரியாதைத் திருமணத்தில் உறவினர் தலைமை எப்படி?

ஐயர் வேண்டாம் என்று முடிவானதும் அடுத்த கேள்வி, "யார் தலைமையில்?" கட்சிப் பிரமுகரையோ இயக்கத் தோழரையோ அழைப்பது பழைய வழக்கம். இப்போது சித்தப்பா, தாய்மாமன், கல்லூரித் தோழி என்று நெருங்கியவரையே மேடையேற்றுபவர்கள் பெருகிவிட்டார்கள். இதுவே மேல். பிரமுகருக்காக மண்டபமே காத்திருக்க வேண்டும். மணமக்கள் பெயரை அழைப்பிதழைப் பார்த்துத்தான் சொல்வார். சித்தப்பாவுக்கோ அந்தப் பெண் சைக்கிள் பழகி விழுந்த தெரு வரை தெரியும்.

சட்டப்படி செல்லுமா என்ற பயம் வேண்டாம். அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு தமிழ்நாட்டுக்கென்று சேர்ந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் மூன்றில் ஒன்றைச் செய்தால் போதும்: இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகச் சொல்வது, மாலை மாற்றுவது அல்லது மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது. புரோகிதர் இருந்தாக வேண்டும் என்று இந்தப் பிரிவு கேட்கவில்லை. கல்யாணம் செய்துகொள்பவர்கள் மணமக்கள்தான். தலைமை தாங்குபவர் வழிநடத்துகிறார், அவ்வளவே. அவர் மேடையில் தடுமாறினாலும் கல்யாணம் செல்லும். வக்கீல் நண்பர் தலைமை தாங்கலாமா என்ற குழப்பத்தை 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது: நண்பராக, உறவினராக அவர் முன்னிலை வகிக்கத் தடையில்லை, ஊரைக் கூட்டி அறிவித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒரு எல்லை உண்டு. 7ஏ பிரிவு, இந்து திருமணச் சட்டத்துக்குள் வரும் இருவருக்கு மட்டுமே. மணமக்களில் ஒருவர் கிறித்தவர் அல்லது முஸ்லிம் என்றால் மாமாவின் தலைமையும் மாலையும் மட்டும் போதாது. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்து, 30 நாள் பொறுத்து, 3 சாட்சிகளோடு அவர் முன் உறுதி சொல்ல வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து 3 மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மண்டபம் பிடிக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

தலைமைக்கு ஆள் தேடும்போது நல்ல பேச்சாளரைத் தேடாதீர்கள். நிறுத்தத் தெரிந்தவரைத் தேடுங்கள். இந்த முறையில் அதிகம் கெட்டுப்போவது நேரம்தான். முகூர்த்த நேரம் என்ற கெடு இல்லாததால் வரவேற்புரை, முன்மொழிதல், வழிமொழிதல், ஏழெட்டு வாழ்த்துரை என்று நீண்டு, உறுதிமொழி வரும்போது பாதிக் கூட்டம் பந்தியில் இருக்கும். வரிசையை மாற்றுங்கள். வரவேற்பு 3 நிமிடம், தலைமையுரை 8 நிமிடம், உடனே உறுதிமொழியும் மாலை மாற்றலும். வாழ்த்துரைகள் அதற்குப் பிறகு, மூன்று பேர், ஆளுக்கு 4 நிமிடம். கேட்க விரும்புகிறவர்கள் உட்காருவார்கள், பசித்தவர்கள் சாப்பிடப் போவார்கள், யாருக்கும் மனக்குறை இல்லை.

உறுதிமொழியை மனப்பாடமாகச் சொல்ல விடக்கூடாது. தடித்த அட்டையில், பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு நான்கைந்து சொல் வீதம் அச்சிடுங்கள். தலைமை தாங்குபவர் ஒரு வரி சொல்ல, மணமக்கள் திருப்பிச் சொல்வார்கள். வரி நீண்டால் பாதியில் விழுங்கிவிடுவார்கள். இன்ப துன்பம், சம உரிமை என்று அழகாக எழுதிவிட்டு முக்கிய வரியை விட்டுவிடுவதும் நடக்கிறது. "இன்னாராகிய நான், இன்னாரை, என் வாழ்க்கைத் துணைவியாக, மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வரி இருந்தே தீர வேண்டும்; மணமகள் சொல்லும்போது துணைவர், கணவர். மைக்கை மணமக்கள் கையில் கொடுக்காமல், பக்கத்தில் ஒருவர் வாயருகே பிடிக்கட்டும். மாலையை முதலிலேயே போட்டுவிட்டால் பூ மைக்கில் உரசிக் கரகரக்கும். உறுதிமொழி முடிந்த பிறகே மாலை.

உறவினர் தலைமையின் உண்மையான பெருமை இந்த இடத்தில் தெரியும். மாலையைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பது யார்? சடங்குக் கல்யாணத்தில் ஓரமாக நிற்க வைக்கப்படும் கைம்பெண்ணான அம்மா எடுத்துக் கொடுக்கலாம். அத்தை தலைமையே தாங்கலாம். பிள்ளையை வளர்த்த கை மாலையை நீட்டும்போது மண்டபம் அமைதியாவதை எந்தப் பிரமுகராலும் கொண்டுவர முடியாது. தாய்மாமனைத் தலைவராக்கினால், சடங்கு இல்லையே என்று முகம் வாடும் பெரியவர்களும் ஓரளவு சமாதானமாவார்கள்.

நாதஸ்வரக்காரரிடம் கெட்டிமேளம் எப்போது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மேடையிலிருந்து கைகாட்ட ஓர் ஆள் போடுங்கள். புகைப்படக்காரர் தாலிக் கட்டத்துக்குப் பழகியவர். தாலி இல்லை என்றால் எந்த நொடியைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பார். மாலை மாற்றும்போது மணமக்கள், தலைவர், சாட்சிகள் எல்லோர் முகமும் தெரிகிற ஒரு படம் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னாளில் யாராவது கல்யாணத்தையே மறுத்தால் கைகொடுப்பது அந்தப் படம்தான்.

மேடையில் கையெழுத்திடும் வாழ்க்கை ஒப்பந்தப் பத்திரம் பதிவுச் சான்றிதழ் ஆகாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். அழைப்பிதழையும் கேட்பார்கள் என்பதால் நாள், மண்டபம், தலைமை தாங்குபவர் பெயர் மூன்றும் அதில் இருக்கட்டும். மணமக்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே, முன்னெழுத்து உட்பட. செல்லப் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம்.