ஒரே டிப்ளமா, இரண்டு வழி: பிஓஎல்லா, பிபிஎல்லா?

நெதர்லாந்தில் பள்ளி முடித்துத் தொழிற்கல்விக்கு, அதாவது எம்பிஓவுக்கு, வரும் பதினாறு வயதுப் பிள்ளை எந்தத் தொழில் என்று முடிவெடுத்தால் மட்டும் போதாது. பள்ளி வகுப்பே பிரதானமான பிஓஎல்லா, வேலை பார்த்தபடியே படிக்கும் பிபிஎல்லா என்றும் சொல்லியாக வேண்டும். எந்த வழியில் போனாலும் டிப்ளமா ஒன்றுதான். எம்பிஓவின் மிக உயர்ந்த நிலையான நான்காம் நிலையை முடித்தால் இருவருக்கும் உயர்தொழிற்கல்விக் கதவு திறக்கும்.

வாரம் நகரும் விதம்தான் வேறு. பிபிஎல்லில் மின்பணி கற்கும் பையன் பெரும்பாலும் வாரத்தில் நான்கு நாள் வேலைக்குப் போகிறான். மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று சுவரில் காடி வெட்டுகிறான், குழாய் பதிக்கிறான், ஒயர் இழுக்கிறான். பள்ளி ஒரு நாள்தான். வகுப்பு ஆண்டுக்குக் குறைந்தது 200 மணி நேரம் இருந்தால் போதும். பணியிடப் பயிற்சிக்கு 610 மணி நேரம். பிஓஎல்லில் முதலாண்டிலேயே 700 மணி நேரம் வகுப்பு உண்டு. இடையிடையே ‘ஸ்டாஜ்’ என்ற பணியிடப் பயிற்சி.

பணம் என்று வந்தால் கணக்குக் கொஞ்சம் சிக்கல். பிபிஎல் பிள்ளைக்கு வேலை ஒப்பந்தமும் சம்பளமும் உண்டு. ஆனால் 18 முதல் 20 வயது வரை அவர்களுக்கான சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, சக வயதினருடையதைவிடக் குறைவு. பிஓஎல் பிள்ளைக்கு 18 வயதிலிருந்து அரசின் படிப்புதவி கிடைக்கும். இலவசப் பயண அட்டை 2017 முதல் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கும் உண்டு. பிபிஎல்லுக்கு இவை இரண்டும் கிடையாது. அதே சமயம், ஸ்டாஜுக்குப் பணம் தரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. காலை ஏழு மணிக்கு முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்குக் காலுறை மாட்டிவிட்டு, அடுத்த அறைக்கு ஓடும் பெண் மாதக் கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். இதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

பிபிஎல்லின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்சி தரும் நிறுவனங்களை அங்கீகரிக்கும் எஸ்பிபி அமைப்பின் ஒப்புதல் பெற்ற நிறுவனம் ஒன்று வேலை கொடுத்தால்தான் அந்தப் படிப்பே நடக்கும். அந்த நிறுவனம் மூடப்பட்டால் சம்பளமும் பயிற்சியிடமும் ஒரே நாளில் போய்விடும். பொருளாதாரம் சரியும் காலத்தில் இந்த இடங்கள் சுருங்குவதும் அதனால்தான். பிஓஎல்லில் வகுப்பாவது தொடரும். ஆனால் அங்கும் ஸ்டாஜ் தேடும்போது, குடியேறிய குடும்பத்துப் பெயர் என்பதற்காகவே சில விண்ணப்பங்கள் ஒதுக்கப்படுகின்றன. இதைத் தடுக்க 2023-இல் அரசும் பள்ளிகளும் முதலாளிகளும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

தொழில் இதுதான் என்று மனதில் உறுதியான பிள்ளைக்கு நான் பிபிஎல்லைத்தான் சொல்வேன். தயங்கும் பிள்ளை பிஓஎல்லில் தொடங்கட்டும். இடமும் முதலாளியும் அமைந்தால் பிற்பாடு மாறிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், ‘எனக்குக் கற்றுத்தரப் போகிறவர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்னோடு இருப்பார்?’ என்று அந்தப் பிள்ளை முதலாளியிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும்.