பச்சை மைப் பேனாவும் மூன்று வருடக் கற்பனையும்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வு எழுதலாம் என்று முடிவானதும் நான் முதலில் வாங்கியது புத்தகம் இல்லை, பச்சை மைப் பேனா. 'கிடைத்துவிட்டதாகவே நினைத்து வாழுங்கள்' என்று யூடியூபில் ஒருவர் சொல்லியிருந்தார். சரி என்று பீரோக் கதவில் ஒரு சார்ட்டை ஒட்டி, ஜீப், அலுவலக மேசை என்று படங்களாக நிரப்பினேன். இரவில் கண்ணை மூடிப் பத்து நிமிடம் கற்பனை. நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கப் பச்சைக் கையெழுத்து. (குரூப் 2-வில் எந்தப் பதவிக்குப் பச்சை மை என்றுகூட விசாரிக்கவில்லை.)

முதல் எட்டு மாதம் மனசுக்கு ரொம்ப இதமாக இருந்தது. கற்பனை முடிந்ததும் நல்ல தூக்கம் வரும். படிப்புதான் நடக்கவில்லை. பிரிலிம்ஸின் 200 கேள்விகளில் கணக்கும் ரீசனிங்குமாக வரும் 25-ஐக் குருட்டாம்போக்கில் நிரப்பிவிட்டு வந்தேன். ரிசல்ட்டில் என் எண் இல்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன், ஹீதர் கேப்பஸுடன் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இனிமையான எதிர்காலக் கனவில் மூழ்கியவர்களுக்கு சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் (பிபி பார்க்கும்போது முதலில் சொல்லும் பெரிய எண்) இறங்கியது. வேலைக்கு முறுக்கேற வேண்டிய உடம்பு, வேலை முடிந்ததுபோலத் தளர்ந்துவிடுகிறதாம். என் தூக்கத்துக்குக் காரணம் கிடைத்தது! 1999-ல் ஃபாம், டெய்லர் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுருக்கென்று தைத்தது. நல்ல மார்க் வாங்கியதைக் கற்பனை செய்த கல்லூரி மாணவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள்தான் அதிக நேரம் படித்து அதிக மார்க்கும் எடுத்தார்கள்.

ஓட்டிங்கனின் 'வூப்' முறைக்கு மாறி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆசை, அதன் பலன், உள்ளுக்குள் இருக்கும் தடை, திட்டம் என்று நாலு படி. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன். என் தடை நேரமின்மை என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கூட்டு வட்டிக் கணக்கைப் பார்த்ததும் கை தானாகப் போனுக்குப் போனது. நேரம் இருந்தது, கணக்கு என்றால் பயம், அவ்வளவுதான். திட்டம் ஒரே வரியானது: 'சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஐந்து கணக்கு.' முதல் வாரம் அம்மா, "என்னடா, ரீசார்ஜ் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார்.

குறையும் உண்டு. நடக்க வாய்ப்பில்லை என்று மனசுக்குப் பட்டால் இதே முறை ஆசையையே விடவைக்கும். எனக்குக் குரூப் 1 ஆசை அப்படித்தான் போனது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் விசேஷம் என்றால் திட்டமும் காணாமல் போகும். அடுத்த முறை பிரிலிம்ஸ் தேறினேன், மெயின்ஸில் போய்விட்டது. மறுபடி எழுதுகிறேன்.

சார்ட்டைக் கிழித்துவிட்டேன், செல்லோடேப் தடம்தான் பீரோவை விட்டுப் போகவில்லை. பச்சைப் பேனா கணக்கு நோட்டில் தப்பைச் சுழிக்க உதவுகிறது. ரீஃபில் இரண்டு தடவை மாற்றியாயிற்று.