யமஹா எஃப்ஜி820எல்: நொட்டாங்கைக்காரர்களின் முதல் கிட்டார்

காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ இசைக்கருவிக் கடைக்குப் போய், "பையனுக்கு நொட்டாங்கைப் பழக்கமுங்க, கிட்டார் பாக்கணும்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கம்பியைத் திருப்பி மாட்டித் தர்றோமுங்க, அதுவே போதும்." யாரும் ஏமாற்றுவதற்காக இப்படிச் சொல்வதில்லை. இடக்கை மாடல்களை அடுக்கி வைக்கும் அளவுக்கு விற்பனை கிடையாது, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வராது. ஆனால் அப்படித் திருப்பி மாட்டிய கிட்டாரோடு போராடித்தான் பல பேர் மூன்றாம் மாதத்தில் "நமக்கு இது வராது" என்று உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால்தான் உண்மையான இடக்கை அமைப்போடு வரும் எஃப்ஜி820எல் மாடலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யமஹாவின் எஃப்ஜி வரிசை 1966-இல் தொடங்கியது. எஃப்ஜி என்பது ஃபோக் கிட்டார் என்பதன் சுருக்கம். இப்போது கிடைக்கும் 800 வரிசை 2016-இல் வந்தது. அதில் 820-இன் இடக்கை வடிவம்தான் கடைசியில் 'எல்' என்ற எழுத்தைத் தாங்கி வரும் இந்த மாடல். மேல்பலகை அடுக்கி ஒட்டாத முழு ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகையும் பக்கங்களும் மஹோகனி, அவை ஒட்டுப்பலகை. கம்பியின் இயங்கு நீளம் 650 மி.மீ., நட் அகலம் 43 மி.மீ., ஃபிரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) 20. தொடக்கநிலைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. முழு ஸ்ப்ரூஸ் மேல்பலகை வாசிக்க வாசிக்கக் குரல் திறக்கும் என்பதால், கொஞ்சம் பழகியதும் வேறு கிட்டார் தேடி ஓட வேண்டியும் இருக்காது.

கம்பியைத் திருப்பினால் என்ன கெடுகிறது?

முதலில் நட். கழுத்தின் தலைமாட்டில் ஆறு பள்ளங்களோடு இருக்கும் வெள்ளைத் துண்டு அது. சாதாரண லைட் செட்டில் முதல் கம்பியின் பருமன் 0.30 மி.மீ., ஆறாம் கம்பி 1.35 மி.மீ. வரை போகும். ஒவ்வொரு பள்ளமும் அதனதன் கம்பிக்கு அளந்து அறுத்தது. ஆறாம் கம்பியை முதல் கம்பியின் பள்ளத்தில் வைத்தால் உள்ளே இறங்காமல் மேலேயே தொக்கி நிற்கும். முதல் ஃபிரெட்டில் அமுக்கவே விரல் நோகும், அமுக்கினால் சுருதியும் ஏறிவிடும். எதிர்ப்பக்கம் முதல் கம்பி அகலப் பள்ளத்தில் அசைந்தாடி, அமுக்காத நிலையிலேயே இரையும். நட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை அறுத்து வைக்கத் தெரிந்தவர் கிடைத்தால் இந்தக் குறையைத் தீர்த்துவிடலாம்.

சேடில் அவ்வளவு எளிதில் தீராது. மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜில் பதிந்திருக்கும் அந்த எலும்பு நிறத் துண்டைக் கூர்ந்து பாருங்கள், நேராக இருக்காது, சாய்ந்திருக்கும். தடித்த கம்பிகளின் பக்கம் ஒலித்துளையிலிருந்து சற்றுத் தள்ளியும், மெல்லிய கம்பிகளின் பக்கம் சற்று நெருங்கியும் இருக்கும். ஃபிரெட்டில் அமுக்கும்போது கம்பி கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். தடித்த கம்பியில் இந்த ஏற்றம் அதிகம், அதை ஈடுகட்டத்தான் அதற்குக் கூடுதல் நீளம் கொடுத்திருக்கிறார்கள். திருப்பி மாட்டினால் கணக்கு தலைகீழாகிறது. வெறுங்கம்பியில், சுருதி பார்க்கும் டியூனர் பச்சை காட்டும். ஐந்தாம் ஃபிரெட்டைத் தாண்டினால் தடித்த கம்பிகள் ஏறியும் மெல்லியவை இறங்கியும் ஒலிக்கும். கற்றுக்கொள்பவருக்குக் காது இன்னும் பழகியிருக்காது. தன் விரல்தான் தப்பு செய்கிறது என்று நினைத்துக்கொள்வார். இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் பிரிட்ஜில் உள்ள காடியை அடைத்து எதிர்ச்சாய்வில் மறுபடி வெட்ட வேண்டும். மலிவான கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். பலகையைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்டு தகடு மேல்பக்கம் போய்விடும், கம்பியை மீட்டும் பிளெக்ட்ரம் நேராக ஸ்ப்ரூஸைக் கீறும். கழுத்தின் ஓரத்தில் 3, 5, 7-ஆம் ஃபிரெட்டைக் காட்டும் புள்ளிகள் தரையைப் பார்த்திருக்கும். கழுத்தோரம் உடலை வளைத்து வெட்டிய 'கட்டவே' வடிவமானால் அந்த வெட்டு மேல்பக்கம் வந்து, மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை போகாது.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கை கிட்டாரைத் திருப்பித்தானே வாசித்தார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர் திருப்பியது ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார். அதில் ஆறு கம்பிக்கும் ஆறு தனித்தனி சேடில்கள் இருக்கின்றன. ஸ்க்ரூவைத் திருகி ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். அக்கூஸ்டிக்கில் அந்த வசதி இல்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை நொட்டாங்கைக்காரர், மிருதங்கத்தை இடம் வலம் மாற்றி வைத்தே வாசித்துப் பெரும் வித்வானாக விளங்கினார். மிருதங்கத்தை அப்படித் திருப்பி வைக்கலாம். கிட்டாரில் மரத்துக்குள்ளேயே பக்கம் பார்த்துச் செய்த வேலை இருக்கிறது.

நைலான் கம்பி போட்ட கிளாசிகல் கிட்டார் மட்டும் ஓரளவு விலக்கு. அதன் சேடில் பெரும்பாலும் நேராக இருக்கும், பிக்கார்டும் இருக்காது. நட்டை மாற்றினால் திருப்பிய கிட்டாரும் ஓரளவு சுருதியாகவே பேசும். கையில் இருக்கும் காசுக்கு அதுதான் முடியும் என்றால் தாராளமாக அந்த வழியில் போகலாம்.

பெட்டியைப் பிரித்ததும்

இடக்கை மாடல் பெரும்பாலும் ஆர்டர் கொடுத்துத்தான் வரும். வந்ததும் கிட்டாரைத் தலை மேலே இருக்கும்படி நிறுத்தி, முகத்துக்கு நேராகப் பாருங்கள். தடித்த கம்பி உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும், பிக்கார்டு இடப்பக்கம். சேடிலின் வலமுனை ஒலித்துளையிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். கழுத்து ஓரப் புள்ளிகள் வலவிளிம்பில் தெரிய வேண்டும். இந்த நான்கில் ஒன்று மாறியிருந்தாலும் அது திருப்பி மாட்டிய வலக்கை கிட்டார்தான்.

அடுத்தது செட்டப். எந்தக் கம்பெனி கிட்டாரானாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பழகத் தொடங்கக் கூடாது. 12-ஆம் ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடி வரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் ஆறாம் கம்பி 2.5 மி.மீ. அளவிலும், முதல் கம்பி 1.8 முதல் 2 மி.மீ. வரையிலும் இருப்பது தொடக்கக்காரருக்குச் சுகம். மூன்றைத் தாண்டியிருந்தால் குறைக்கத்தான் வேண்டும். அதற்கு முன் கழுத்தின் வளைவைப் பார்க்கணும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் கவ்வி) போட்டு, 14-ஆம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பியை அமுக்கினால், ஏழாம் ஃபிரெட்டில் கால் மி.மீ.க்குள் இடைவெளி தெரிய வேண்டும். அதிகமிருந்தால் ஒலித்துளை வழியாக டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) கால் சுற்று வலஞ்சுழியாக இறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். ஒரே நேரத்தில் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

வளைவு சரியாக இருந்தும் கம்பி உயரமாக இருந்தால் சேடிலைத்தான் தேய்க்க வேண்டும். 12-ஆம் ஃபிரெட்டில் அரை மி.மீ. குறைய, சேடிலின் அடியில் 1 மி.மீ. எடுக்கணும். கண்ணாடிப் பலகை மேல் 220-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சேடிலின் அடிப்பக்கத்தை மட்டும் நேராகத் தேய்ப்பது முறை. மேல்முகத்தில் கை வைத்தால் சுருதிக்காகக் கொடுத்த வெட்டுகள் போய்விடும். அடி கோணலானால் சேடில் சரியாகப் பதியாமல் ஒலி அமுங்கும். பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுத்து விடுவதே நல்லது, அளவை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

விரல் ரொம்ப வலித்தால் 0.011 அங்குலத்தில் தொடங்கும் கஸ்டம் லைட் செட்டுக்கு மாறலாம். கம்பி செட்டில் இடது வலது கிடையாது, இரண்டு கைக்கும் ஒன்றே. உறை, ஸ்ட்ராப், பிளெக்ட்ரம் ஆகியவையும் அப்படித்தான். கம்பி மாற்றும்போது ஆறு கம்பியும் முளைகளின் உட்பக்கமாக, அதாவது தலையின் நடுவை ஒட்டியே சுற்ற வேண்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் எந்தப் பக்கம் திருகுவது என்ற குழப்பமே வராது.

நம்ம ஊர்க் காற்று

முழு ஸ்ப்ரூஸ் மேல்பலகை ஈரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது அதற்கு நல்லது. ஈரோடு, கரூர்ப் பக்கம் மார்ச்சிலிருந்து மே வரை காய்ச்சலான காற்று. பலகை சுருங்கிக் கீழே இறங்கும், கம்பியும் கூடவே இறங்கி ஃபிரெட்டில் உரசி இரையும். கழுத்து ஓரத்தில் ஃபிரெட் முனைகள் கையில் நெருடினால் கிட்டார் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பொள்ளாச்சியிலும் வால்பாறையிலும் ஜூன் மழை இறங்கிவிட்டால் நேரெதிர்: பலகை உப்பி, கம்பி உயரும். ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானியை உறைக்குள் போட்டு வையுங்கள். காய்ந்த மாதங்களில் ஈரமான ஸ்பாஞ்சைத் துளையிட்ட சோப்பு டப்பாவில் வைத்து உறைக்குள் போடலாம், மரத்தில் தண்ணீர் மட்டும் படக் கூடாது. மழை மாதங்களில் சிலிக்கா ஜெல். அவினாசி ரோட்டில் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுப் போகவே கூடாது, சூட்டில் பிரிட்ஜின் பசை இளகித் தூக்கிக்கொள்ளும்.

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளுக்கு இன்னும் ஒன்று. தறிச் சத்தத்தில் போன் ஆப்பால் டியூன் செய்ய முடியாது, மைக் குழம்பிவிடும். கிட்டாரின் தலையில் கவ்வும் கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வைப் படிப்பதால் பக்கத்தில் தறி ஓடினாலும் ஏமாறாது. வாசித்து முடித்ததும் பஞ்சுத்தூசி போகக் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

பழகும்போது

வகுப்பில் எதிரே உட்கார்ந்திருக்கும் வலக்கை ஆசிரியர் உங்களுக்குக் கண்ணாடி பிம்பம் போலத் தெரிவார். அவர் கிட்டாரின் கழுத்து எந்தப் பக்கமோ உங்கள் கிட்டாரின் கழுத்தும் அதே பக்கம். வீடியோவிலும் அப்படித்தான். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத இந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வரிசையாக உட்காரும் வகுப்பில் உங்கள் வலக்கைப் பக்கம் யாரும் இல்லாத கடைசி இடத்தில் உட்காருங்கள். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்துக்காரர் கிட்டார் கழுத்தும் உங்களுடையதும் முட்டிக்கொள்ளும்.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிக்க எங்கே விரல் வைப்பது என்று காட்டும் அச்சடித்த படங்கள்தான் குழப்பும். அவற்றில் இடக்கோடி கோடு ஆறாம் கம்பி, உங்கள் கிட்டாரில் அது வலக்கோடி. படத்தைக் காகிதத்தில் எடுத்து, திருப்பிப் பிடித்து, வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பாருங்கள், உங்களுக்கான படம் தயார். கம்பிகளைக் கோடுகளாகவும் ஃபிரெட்டுகளை எண்களாகவும் எழுதும் டேப் எழுத்தில் எந்த மாற்றமும் இல்லை, கீழ்க்கோடுதான் எப்போதும் தடித்த கம்பி. ஈ மைனர் என்ற கார்டில் தொடங்குவது சுலபம்: ஐந்தாம், நான்காம் கம்பிகளை இரண்டாம் ஃபிரெட்டில் அமுக்கினால் போதும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, காலை பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் என்று பிரித்தால் விரல்நுனி சீக்கிரம் காய்ப்பேறும்.

வலக்கை முறையிலேயே பழகலாமே என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற கிட்டார் கலைஞர்களான மார்க் நாஃப்ளரும் கேரி மூரும் இடக்கைப் பழக்கக்காரர்கள், வாசித்தது வலக்கை முறையில். அதனால் முடியாது என்றில்லை. கண்ணை மூடி, இல்லாத கிட்டாரைப் பிடித்துப் பாட்டுக்குத் தாளமாய்த் தட்டச் சொல்லிப் பாருங்கள். நொட்டாங்கை தானாக வீசினால் தாளம் அந்தக் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், இடக்கை கிட்டார் வாங்குங்கள். எந்தக் கை வீசினாலும் அட்டியில்லை என்று தோன்றினால் வலக்கையே வசதி: நண்பர் வீட்டுக் கிட்டார், பள்ளிக்கூடக் கிட்டார் என்று எங்கு போனாலும் எடுத்து வாசிக்கலாம். ஏற்கெனவே ஆறு மாதம் வலக்கையில் பழகியவர் மாற வேண்டாம்.

எஃப்ஜி820எல்-இன் குறைகளையும் சொல்லிவிடுகிறோம். உடல் பெரியது: கீழ்வயிறு 412 மி.மீ. அகலம், ஆழம் 100 முதல் 118 மி.மீ. பத்து வயதுக்குள்ளான பிள்ளை தோளைத் தூக்கித்தான் வாசிக்க முடியும், அது முதுகுக்கு ஆகாது. உள்ளே பிக்கப் (ஒலியை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) கிடையாது. சர்ச்சிலோ பள்ளி ஆண்டு விழாவிலோ ஸ்பீக்கரில் செருக வேண்டும் என்றால் தனியாக வாங்கிப் பொருத்தணும். ஃபெண்டர் சிடி-60எஸ் மாடலிலும் இடக்கை வடிவம் உண்டு. அதன் கம்பி நீளம் 643 மி.மீ., ஒரு பொட்டு குறைவு என்பதால் விரலுக்குச் சித்தே இளக்கமாக இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்தால் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அதற்காக மற்றதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

பின்னாளில் சேடிலோ நட்டோ உடைந்து மாற்று வாங்கும்போது அளவோடு 'இடக்கை' என்றும் எழுதிக் கொடுங்கள். பொதுவாகக் கிடைக்கும் சேடில்களில் இரண்டாம் கம்பிக்கு வெட்டு வைத்திருப்பார்கள், அது வலக்கைக்கு வெட்டியது. இடக்கைப் பிரிட்ஜில் அதைச் சொருகினால் அந்த வெட்டு ஐந்தாம் கம்பிக்கு அடியில் போய் நிற்கும்.